இதில் மனுஷன் கையே இல்லை

ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தபோது எபினேசர் நினைத்திருந்தால் பூந்து போயிருக்கலாம். அவனுக்கு முன்னால் தண்ணி கேன் கட்டிக்கொண்டு போன மொபெட்காரன் தலையைக் குனிந்தபடி அப்படித்தான் போனான். இடுப்பில் குழந்தையை வைத்திருந்த ஒரு அம்மாகூட, கட்டையை ஒரு கையால் தொட்டுக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டாள். எபி மட்டும் பிரேக் பிடித்து, இடது காலை ஊன்றி, ஸ்கூட்டரை அணைத்தான். சின்ன வயதிலிருந்து கொருக்குப்பேட்டை கேட்டில் பூந்து பூந்து போனவன் இன்றைக்குப் பார்த்துச் சட்டத்தை மதித்தான். பயம்தான், வேறென்ன. தண்டவாளத்தைத் தாண்டினால் வனஜா அண்ணி வீடு கிட்டத்தில். ஹவுசிங் போர்டு, இரண்டாவது மாடி. இன்றைக்கு அங்கே அவள் புருஷன் கன்னியப்பன் அண்ணனுக்குத் தெவசம். கன்னியப்பன் என்றால் டோலக் கன்னியப்பன், எபியின் பாட்டுக்கெல்லாம் வாசித்தவர், மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தவர். போன வருஷத்தைப் போலவே படையலுக்கு வாழை இலை வாங்கி வரும் வேலை எபிக்கு. அதற்காக இன்றைக்குச் சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. இலைக்கட்டு இரண்டு காலுக்கும் நடுவில் நிற்கிறது. இது போய்ச் சேராமல் அங்கே படையல் கிடையாது, படைக்காமல் காக்காய்க்குச் சோறு வைக்க முடியாது, காக்காய் எடுக்காமல் வீட்டில் ஒருத்தரும் கை நனைக்கமாட்டார்கள். ஆகவே உடம்பு சரியில்லை அண்ணி, அப்புறம் வருகிறேன் என்று திரும்பிப் போகவும் வழியில்லை. அதற்குள் பின்னால் ஒரு டாடா ஏஸ் வந்து ஒட்டிக்கொண்டது, அதன் பின்னால் ஷேர் ஆட்டோ, அதன் பின்னால் தண்ணி லாரி. வெயில் ஹெல்மெட்டுக்குள் இறங்கியது. ஹெல்மெட்டைக் கழற்றலாம்தான், கழற்றினால் யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒரு காலத்தில் அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்களா என்று இதே கேட்டில் தலையைத் தலையை நீட்டிக்கொண்டு நின்றவன்.

இப்போது கண்டுகொள்கிறார்கள். பாட்டுக்காக இல்லை, பேட்டிக்காக. யூடியூப் சேனல் ஒன்றிலிருந்து ஒரு பையன் வந்து, அண்ணா, வடசென்னை ராப்பை ஆரம்பிச்சு வச்சதே நீங்கதான், இப்ப வர்ற பாட்டுங்களப் பத்தி நீங்க சொல்லணும் என்றான். ஆரம்பித்துவைத்தது எபி மட்டும் இல்லை, எபிக்கே தெரியும். ஆனால் அப்படி யாராவது எடுத்துச் சொல்லி எத்தனை வருஷமாயிற்று. நாப்பத்திரெண்டு பிளாக் என்று குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, டோலக்கை மட்டும் வைத்துக்கொண்டு, பட்டாணி வறுக்கிற மாதிரி வார்த்தையைப் பொரித்துத் தள்ளியதெல்லாம் ஒரு காலம். இப்போது எபி பர்னிச்சர் கடைக்கும் துணிக்கடைக்கும் ஆட்டோவில் ஓடுகிற விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கிறான். அதிலும் அவன் குரலில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும், அந்தத் தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்தப் பெருமை போகவில்லை. அந்தப் பெருமையோடுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். பையன் தன் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். எண்ணூர்ப் பெண், மோனிஷா என்று பெயர், உப்பு என்று பாட்டு, எங்கே பார்த்தாலும் அதுதான் ஓடுகிறது. ஜுரத்தில் படுத்தவள் பேசுகிற மாதிரி மெதுவாக, பாதி வார்த்தையை முழுங்கிக்கொண்டு, கீழே கும் கும் என்று என்னவோ இழுக்கிறது, நடுநடுவே ஒரு மூச்சு. யாரோ காற்றை இழுக்கிற சத்தம். எபி சிரித்தான். இதுல மனுஷன் கையே இல்ல தம்பி, எல்லாம் பட்டன், எங்காளு வாசிச்சாருன்னா தோல் மேல கை படும், கை பட்டா ரத்தம் வரும், அது கொட்டு என்றான். பாட்ட விட மூச்சுதான் ஜாஸ்தியா இருக்கு, மாடிப்படி ஏறி வந்த பெரியம்மா மாதிரி என்றான். சொல்லிவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, கண்ணை மேலே செருகி, ஹ்ஹா, ஹ்ஹா என்று செய்து காட்டினான். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததால் இன்னொரு தடவை செய்தான். அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் போட்டார்கள். எபியின் மொத்தப் பாட்டையும் கேட்டவர்களை விட அதிகம் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். மெத்தைக் கடைக்காரர் போன் செய்து, எபி, நம்ம விளம்பரத்துல அந்த மூச்சப் போட்டு, மூட்டு வலியா முதுகு வலியான்னு ஆரம்பி என்றார். ஆரம்பித்தான். ரெக்கார்டு ஆகி, இந்நேரம் ஏதோ ஒரு தெருவில் அது ஓடிக்கொண்டிருக்கும்.

இன்று காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது தெரியாத எண். அண்ணா, நான் மோனிஷா பேசறேன், உப்பு மோனிஷா. எபி நுரையோடு நின்றான். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து, என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஓடவும் ஆரம்பித்துவிட்டான். அந்தப் பெண் அப்படியெல்லாம் பேசவில்லை. வனஜாக்கா சாப்பிடக் கூப்டாங்கண்ணா, நீங்களும் வர்றீங்கன்னு சொன்னாங்க, நான் வந்தா உங்களுக்கு ஒன்னும் இல்லியே என்றாள். வனஜா அண்ணி உன்னை எதுக்குக் கூப்பிடணும் என்று கேட்டான் எபி. அதைக் கேட்டதுதான் தப்பு, கேட்காமல் ம் கொட்டியிருந்தால் இந்நேரம் இந்தக் கேட்டில் ஒரு வெட்கமும் இல்லாமல் நின்றுகொண்டிருப்பான். அவள் சிரித்தாள். என்னாண்ணா இப்டிக் கேக்கறீங்க, அண்ணன் வாசிச்சதத்தான பாட்டா பண்ணிருக்கேன், அக்காகிட்ட வந்து கேட்டுட்டுத்தான் எடுத்தேன், உங்களுக்கும் மெசேஜ் போட்டேன், நீங்க பாக்கலன்னு தெரிஞ்சுது, ஆனா பேட்டில நீங்க கலாய்ச்சதப் பாத்ததும் ஆஹா அண்ணன் கண்டுபுடிச்சிட்டாரு, அவரு மூச்ச அவரே ஓட்றாருன்னு எங்க வீட்ல எல்லாரும் உக்காந்து சிரிச்சோம். எபிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே, ம் என்றான். அவள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனாள். உங்க கரண்ட் போச்சு பாட்டு இருக்குல்லண்ணா, அத நான் சின்னதுலேந்து கேக்கறேன், அதுல டோலக் தனியா வர்றது நீங்க மூச்சு வாங்கற எடத்துல மட்டும்தாண்ணா, மத்த எடமெல்லாம் உங்க குரல் மேல உக்காந்துருக்கும், அதனால நீங்க மூச்சு வாங்கற எடத்தையெல்லாம் வெட்டி எடுத்து ஒட்டி, வேகத்தக் கொறச்சேன், மூச்ச மட்டும் எடுக்க முடியல, எடுத்தா அவரு கையும் கூடவே போவுது, அப்புறம் அதுவே நல்லாருக்குன்னு விட்டுட்டேன். பற்பசை மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் திடீரென்று நிறுத்தினாள். அண்ணா, நீங்க தெரிஞ்சுதான சொன்னீங்க என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எபி துப்பிவிட்டு, பின்ன, தெரியாமயா, சும்மா ஓட்டுனேன், கோச்சுக்கிட்டியா என்றான். ஐயோ இல்லண்ணா என்றாள். அவ்வளவு நிம்மதி அந்தக் குரலில்.

அந்த நிம்மதிதான் இப்போது உறுத்துகிறது. பொய் சொல்லியாயிற்று. எபி பொய்யே சொல்லாதவன் ஒன்றும் இல்லை, கடன்காரனுக்குச் சொல்லியிருக்கிறான், கர்த்தருக்கே சொல்லியிருக்கிறான். ஆனால் இந்தப் பொய்யைக் கன்னியப்பன் அண்ணன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, அண்ணி பரிமாற, அந்தப் பெண் பக்கத்தில் சிரிக்க, மறுபடியும் சொல்ல வேண்டும். சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை. எபி அண்ணன் பெரிய மனசுக்காரர், தன்னையே ஓட்டிக்கொள்கிறார் என்று பெயரும் வரும். சொல்லாமல், எனக்குத் தெரியலை என்று உடைத்தால் அந்த வீட்டில் மிச்சமிருக்கிற இடமும் போய்விடும். வேறு எந்த வீட்டிலும் அவனை எபி வந்துட்டான் என்று சொல்லித் தட்டு எடுத்துவைப்பதில்லை. ஒரு வீடுதான் இருக்கிறது. எஞ்சின் ஒன்று தனியாகப் போனது, பெட்டி எதுவும் இல்லாமல். கேட் திறக்கும் என்று எல்லோரும் வண்டியை முடுக்கினார்கள். திறக்கவில்லை. செல்போனில்தானே கேட்டோம், அந்தத் துக்கடா ஸ்பீக்கரில் இடது பக்கத் தோலின் சத்தம் எங்கே கேட்கும், யாராக இருந்தாலும் தெரியாதுதான் என்று எபி தனக்குச் சொல்லிக்கொண்டான். காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதுதான். அது நிற்கமாட்டேன் என்கிறது, ஏனென்றால் பேட்டி முடிந்த பிறகு வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டான். அடுத்த பேட்டிக்கு இன்னும் நாலு கிண்டல் தேற்றலாம் என்று கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான். ஒரு தடவை பார்த்தால் கால் தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. எபிக்கு ஆத்திரமாக வந்தது, இந்தப் பாட்டுக்குப் போய் ஆடுகிறாயே என்று முட்டியை அழுத்திப் பிடித்தான். பிடித்துக்கொண்டே கேட்டான். அப்போதாவது தெரிந்திருக்க வேண்டாமா. பொறாமை என்று நினைத்தான், இந்தப் பெண் பெரிய ஆளாகிவிட்டாள் என்கிற வயிற்றெரிச்சல். அதுவும் இருந்ததுதான்.

மாங்காய்ப் பத்தை விற்கிறவள் வண்டிகளுக்கு நடுவே வந்தாள். மிளகாய்த்தூள் வாசனை ஹெல்மெட்டுக்குள் நுழைந்தது. கன்னியப்பன் அண்ணனுக்கு மாங்காய்ப் பத்தை என்றால் உயிர், தின்றுவிட்டு அந்தக் கையோடு டோலக்கைத் தொடமாட்டார், பேன்ட்டில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். இது ஞாபகம் இருக்கிறது. கை ஞாபகம் இருக்கிறது, சுண்டு விரலில் பழைய வெட்டுக் காயம், வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டிய கட்டை விரல். வாசித்தது எப்படி இருக்கும்? எபி யோசித்தான். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். தன் வார்த்தைகள் வந்தன. கரண்ட் போச்சு பாட்டின் முதல் வரி, இரண்டாவது வரி, எங்கே வேகம் எடுக்க வேண்டும், எங்கே நாக்கு தடுக்கும், எல்லாம் வரிசையாக வந்தன. அடியில் டோலக் ஓடுகிறது என்று தெரிகிறது, என்ன வாசிக்கிறார் என்று மட்டும் கேட்கவில்லை. சுவரெல்லாம் பெட்ஷீட் தொங்கவிட்ட அந்த அறையில்தான் ரெக்கார்டு செய்தார்கள். எபி நடுவில் நின்றான். கன்னியப்பன் அண்ணன் மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், சத்தம் மைக்குக்கு வராமல் இருக்க. அண்ணா, கொஞ்சம் கம்மியா அடிங்க, என் வார்த்தை அடிபடுது என்றான் எபி. சரிப்பா என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டே. பிறகு மிக்ஸிங் செய்கிறவனிடமும் போய் உட்கார்ந்து, டோலக்கை இறக்கு, இன்னும் இறக்கு, நான் மூச்சு வாங்குற எடத்துல வேணும்னா ஏத்திக்கோ, இல்லாட்டி காலியா இருக்கும் என்று சொன்னதும் எபிதான். சொன்னான். அந்த வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன. ஒரு பாட்டில் அவருக்கு இவன் ஒதுக்கியது அந்த இடம்தான், இவனுக்கு வேண்டாத இடம். அதை எண்ணூரிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்து பொறுக்கி எடுத்து, நிதானமாக, அவருக்கு நேரம் கொடுத்து ஒட்டியிருக்கிறாள். நம்ம சத்தத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கொன்றுவிட்டார்கள் என்று எபி எத்தனை மேடையில் பேசியிருக்கிறான். பேசும்போதெல்லாம் கை தட்டினார்கள். நம்ம சத்தம் என்று அவன் சொன்னது தன் குரலைத்தானா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனும் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் செத்த அன்றைக்கு ஊரிலிருக்கிற டோலக்காரர்களெல்லாம் வந்து ராத்திரி பூரா வாசித்தார்கள். எபி எழுந்து பாடினான். நட்பைப் பற்றிப் பாடினான், எல்லோரும் அழுதார்கள். அன்றைக்கும் டோலக் அவன் வார்த்தைக்கு அடியில்தான் ஓடியது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது, எபி ஹெல்மெட்டைக் கழற்றினான்.

கழற்றியிருக்கக் கூடாது. வலது பக்கம் உரசிக்கொண்டு நின்ற ஆட்டோவிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. தலிவரே, நீ எபி இல்ல? என்றார். எபி ஆமாம் என்கிற மாதிரியும் இல்லை என்கிற மாதிரியும் தலையை ஆட்டினான். அட, நம்ம ஆளுய்யா, இன்னா பேச்சு பேசின அன்னிக்கு, சும்மா கிழிச்சுத் தோரணம் கட்டிட்ட, எம் பொண்ணு நாள் பூரா அந்தப் பாட்டத்தான் வச்சுனு உயிர எடுக்குது, நானும் கரடியா கத்திட்டேன், இது பாட்டா இதுன்னு, இரு இரு, வண்டிலயே கீது என்று அவர் எதையோ அமுக்கினார். ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் பெரிய வூஃபர் வைத்திருக்கிறார் போல, சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் ஸ்கூட்டரின் கைப்பிடிக்கு வந்துவிட்டது. முதலில் மூச்சு. எபி நிமிர்ந்து உட்கார்ந்தான். வாலிப மூச்சு அது, பயந்த மூச்சு, அடுத்த வரிக்குள் ஓடிப்போய் விழுவதற்கு முன்னால் அவசரமாகக் காற்றை வாரிக்கொள்கிற மூச்சு. அந்த வயதில் தான் இவ்வளவு பயந்தா பாடினோம் என்று இருந்தது அவனுக்கு. அதன் கீழே கொட்டு. மெதுவாக்கப்பட்டு, கனத்து, ஒவ்வொரு அடியும் தனியாக இறங்கியது. இடது உள்ளங்கையின் அடிப்பாகத்தைத் தோல்மேல் வைத்து முன்னால் தள்ளி இழுக்கிற இழுப்பு, அது முடிகிற இடத்தில் தொடையில் கை உராய்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். கை என்று தெரிந்தது. மனுஷன் கை என்று இப்போது யாருக்கும் தெரியும். ஆனால் கன்னியப்பன் கையா? எபி காதைத் தீட்டிக்கொண்டு தேடினான். அடையாளம் தெரியவில்லை. சொல்லிக்கொடுத்த பிறகும் தெரியவில்லை. பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்து சிரிக்கிற ஆளை யார் என்று தெரியாமல் சிரித்துவைப்பது போல, தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத்தான் முடிந்தது. இத்தனை வருஷம் கூட இருந்த ஆள். வெட்கத்தில் எபிக்குக் காது மடல் சுட்டது.

ஆட்டோக்காரர் செல்போனை எடுத்து நீட்டிப் பிடித்தார். தலிவரே, ஒரே ஒரு தபா அந்த மூச்சப் பண்ணிக் காட்டு, எம் பொண்ணுக்கு அனுப்பணும், கடுப்பேத்தணும் அவள. எபி வேண்டாம்ணே என்றான். அட இன்னாபா, வெக்கப்படாத என்றார். டாடா ஏஸிலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்தான், மாங்காய்க்காரி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்றாள், ரெண்டு பையன்கள் ஓடி வந்தார்கள். இப்போது சொல்லலாம். அண்ணே, அது எங்க ஆளு வாசிச்சது, அந்த மூச்சு என்னோடதே, தெரியாமப் பேசிட்டேன் என்று சொன்னால் முடிந்தது, யாரென்றே தெரியாத மனிதர், நாளைக்கு எதிரில்கூட வரமாட்டார். எபி வாயைத் திறந்தான். எல்லாரும் சிரிப்பதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் அவன் கை தானாக நெஞ்சுக்குப் போய்விட்டது. கண்ணைச் செருகி, ஹ்ஹா, ஹ்ஹா என்று செய்தான். பின்னால் வூஃபரில் நிஜ மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. இவன் செய்தது அந்த மாதிரியே இல்லை. அது ஒரு பையன் பயத்தில் இழுத்த காற்று, இது கிழவன் இருமுகிற மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள். மாங்காய்க்காரிகூடச் சிரித்தாள். சூப்பர் தலிவரே, மெர்சல் என்று ஆட்டோக்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எபியும் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். தெரிந்தே செய்தாயிற்று. காலையில் சொன்ன பொய்யாவது திடீரென்று வந்தது, இதற்கு என்ன சொல்வது. யாராவது செருப்பால் அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று வர ஆரம்பித்தது, டேங்கர் டேங்கராக, முடிவே இல்லாமல். அந்தச் சத்தத்தில் பாட்டு அமுங்கிப்போனது. எபிக்கு அது போதும் போல இருந்தது, இந்த வண்டி சாயங்காலம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தால் நல்லது.

பையில் போன் அதிர்ந்தது. வனஜா அண்ணி. கூட்ஸின் கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் எடுக்கவில்லை, பிறகு எடுத்தான். எண்ணெய் பொரிகிற சத்தம்தான் முதலில் வந்தது. அண்ணி எப்போதும் இப்படித்தான், கையில் வடை மாவு இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிடுவாள். எங்க கீற எபி, என்றாள். கேட்ல மாட்டிக்கினேன் அண்ணி, தோ தொறந்துடுவான். அக்கா, வடைக்கு இந்தத் தட்டு வைக்கட்டுமா என்று பின்னால் ஒரு குரல். காலையில் கேட்ட குரல். அங்கேயே, அண்ணிக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். அண்ணி அவளிடம், அது வேணாம்மா, பெருசா ஒன்னு கீது பாரு மேல என்று சொல்லிவிட்டு, மறுபடியும் போனுக்குத் திரும்பினாள். மோனிஷா வந்துட்டா. நீ பேட்டில வெளையாட்டுக்குத்தான் அப்டிச் சொன்னியாம், காலைல இவகிட்டச் சொன்னியாமே. அப்டியா? அண்ணியின் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. உப்புப் போட்டியா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். ஆமா அண்ணி என்றால் அந்த வீட்டில் தட்டு இருக்கும். எண்ணெய் பொரிந்தது. தட்டு ஒன்று மேடையில் வைக்கப்பட்டது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எபிக்குத் தெரிந்தது. ஆட்டோக்காரர் இந்தப் பக்கம் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கை காட்டினார்.

"இல்ல அண்ணி," என்றான் எபி. "வெளையாட்டு இல்ல. எனக்குத் தெரியல. அண்ணன் கைன்னு தெரியல, என் மூச்சுன்னும் தெரியல. அந்தப் பொண்ணுகிட்டப் பொய் சொன்னேன். இப்பக்கூட, கேட்ல நின்னு கேட்டேன். இப்பவும் எனக்கு அடையாளம் தெரியல அண்ணி."

எண்ணெயின் சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றது, அடுப்பை அணைத்துவிட்டாள் போல. கேட் மேலே போக ஆரம்பித்தது, இரண்டு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாரனை அமுக்கினார்கள். எபி ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனை இன்னொரு காதோடு அழுத்தினான்.

"நான் அந்தப் பாட்டக் கேட்ட மொத நாளே எழுந்து வெளிய ஓடிட்டேன்," என்றாள் அண்ணி. "கீழ எவனோ வண்டில போட்டுனு போனான். நான் துணி அலசினு இருந்தேன். சோப்புக் கையோட மாடிப்படில எறங்கிட்டேன், அவரு வந்துட்டாருன்னு. அப்ப இந்தப் பொண்ணு வந்து கேட்டதே எனக்கு மறந்துபோச்சு." போனுக்குக் கிட்டத்தில் குனிந்தாள் போல, குரல் பெரிதாக வந்தது. "உனக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எத்தினி தபா சொல்லிருக்காரு. அவன் என்னியக் கேக்க மாட்டான் வனஜா, நான்தான் அவன் வாயையே பாத்து, அவனக் கேட்டுக் கேட்டு அடிச்சுனு போவணும்னு. நான் வுட்டா அவன் வுழுந்துடுவான்னு. கோவமா இல்ல, சிரிச்சுனே சொல்வாரு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாரே, வாயை எங்கே பார்த்தார் என்று எபி நினைத்தான். பிறகு ஞாபகம் வந்தது, அவர் கழுத்தைத் திருப்பி, தோளுக்கு மேல் பார்த்தபடிதான் வாசிப்பார். முழுப் பாட்டுக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் கழுத்தைத் தடவிவிட்டுக்கொள்வார். சுளுக்கு என்று நினைத்தான் எபி. இவன் கண்ணை மூடிக்கொண்டு பாட்டில் ஓடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஒரு மனுஷன் கழுத்து வலிக்க இவனையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்திருக்கிறார். பின்னாலிருந்த டாடா ஏஸ் ஒடித்துக்கொண்டு தாண்டிப் போனது. ஆட்டோ எப்போதோ போய்விட்டது. எபி ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. கண்ணிலிருந்து வழிவதை யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்கவில்லை, அப்படியே நின்றான்.

"எபி, லைன்ல கீறியா? நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேக்குது அண்ணி," என்றான்.

தண்ணி லாரிக்காரன் அவனைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டி, வழியை மறித்துக்கொண்டு நிற்பதற்காக அவன் அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அதுவும் கேட்டது.